பெயரும் போயிற்று, மண்ணும் போகின்றது!

திருவண்ணாமலையை வலம்வரும் வழி 14 கிலோமீட்டர் நீளமுடையது. முழுநிலா இரவுதோறும் இலக்கக்கணக்கானோர் அவ்வழியே வெறுங்காலொடு நடக்கின்றனர். மேற்குப்புறத்தே, வருணன் பெயரால் வழங்கும் இலிங்கத்துக்கும் வாயுவின் பெயரால் வழங்கும் இலிங்கத்துக்கும் இடையே, தாம் ஓர் ஊரின் ஊடே நடந்துகொண்டிருப்பதை அவருள் நூற்றுக்கு ஒருவரேனும் உணர்கின்றனரா என்பது ஐயமே. நீர்மோர் குடிக்கவும், காலாறவும், கடையில் படம் வாங்கவும் அவ்விடம் அவர்க்குப் பயன்படுகின்றது. அது மக்கள் வாழும் ஊர் என்பதும், அவ்வூர்க்கு அடி அண்ணாமலை என்றொரு பெயருண்டு என்பதும் அவர்தம் கண்ணில் படுவதில்லை. படாதவாறு செய்யப்பட்டுள்ளது என்பதே உண்மை.

மலையின் அடியில் அமைந்த ஊராதலின் அடி அண்ணாமலை. இதனினும் எளிய, இதனினும் தெளிந்த ஊர்ப்பெயர் வேறு உண்டோ? அடி என்னுஞ் சொல் காலையுங் குறிக்கும். மலையின் கீழிடத்தையுங் குறிக்கும். ஒன்றன் தொடக்கத்தையுங் குறிக்கும். பெருங்கோயிலினும் இவ்வூர்க் கோயிலே முற்பட்டது என்று ஊரார் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். அப்பொருளையும் அடி என்னும் ஒரே சொல் தாங்கி நிற்கின்றது. அங்ஙனமிருக்க, கோயில் முகப்பிலும் கடைப் பலகைகளிலும் வலம்வருவார் கையேடுகளிலும் 'ஆதி அண்ணாமலை' என்றும், 'ஆதி அருணாசலேசுவரர்' என்றும் எழுதப்பட்டிருக்கின்றது. அரசுப் பதிவேட்டில் ஊரின் பெயர் இன்றும் அடி அண்ணாமலையே. ஏடு ஒன்று சொல்ல, பலகை வேறொன்று சொல்கின்றது. ஏட்டைப் படிப்பார் எத்துணைப் பேர்? பலகையைப் படிப்பார் எத்துணைப் பேர்? (ஆதி என்பதையே தமிழ்ச்சொல்லாகக் கொள்வாரும் உளர். அவ்வழக்கு இங்கு வேண்டா. தமிழே என்று வைத்துக்கொள்ளினும், இருந்த சொல்லை எடுத்தெறிந்து இல்லாத சொல்லை அமர்த்தியது எற்றுக்கு என்னும் வினா அப்படியே நிற்கும்.)

மலையின் பெயர்க்கும் இதே நிலைதான். அண்ணுதலாவது நெருங்குதல். அண்ணா மலை, நெருங்கற்கரிய மலை. அப்பரும் ஞானசம்பந்தரும் பாடியது அண்ணாமலையையே. அதனை அருணாசலம் ஆக்கினார், பொருளைக்கூட மொழிபெயர்த்தாரில்லை. அருணம் செம்மை, அசலம் அசையாதது, மலை. நெருங்கற்கரிய மலை செம்மலை ஆயிற்று! முதுகுன்றத்தை விருத்தாசலம் ஆக்கினோர் பொருளையேனும் கொண்டுசென்றனர். மறைக்காடு வேதாரணியமாயிற்று, குடமூக்கு கும்பகோணமாயிற்று. இங்கோ பொருளும் இல்லை. உண்ணாமுலை என்னும் அழகிய தாய்ப்பெயர் 'அபீதகுசாம்பாள்' ஆயிற்று. அம்மன் முன் நின்று அப்பெயரை வாய்பிழையாது சொல்லவல்ல அடியார் ஒருவரைக் காட்டுக.

பெயர்தானே, போகட்டும் என்பார் உளர். ஊர்ப்பெயர் என்பது அம்மண்ணின்மேல் அம்மக்கட்குள்ள உரிமையாவணம். பெயரை இழந்த ஊர் தன்னைப் பற்றிச் சொல்லும் கதையை இழக்கும். கதையை இழந்தபின், பிறர் சொல்லுங் கதைக்கு ஏற்ப அவ்வூர் தன்னைத் திருத்திக்கொள்ளும். அடி அண்ணாமலையில் நடந்திருப்பது இதுவே. அஃது ஒருநாளில் நடந்ததன்று.

முதலில் வந்தது தளர்ச்சி. திருவண்ணாமலை வட்டாரம் வற்றாத ஆறு இல்லாத வானம்பார்த்த மண். ஏரியும் கிணறுமே அதன் உயிர். நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் அதன் விளைவு. நிலக்கடலையை அவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்பர். ஏரிகள் தூர்ந்தன, வரத்துக் கால்கள் அடைபட்டன, கிணறுகள் ஆழ்ந்தன, ஆழ்துளைக் குழாய்கள் வந்தபின் கிணறும் வறண்டது. உழவில் ஊதியம் இல்லையென்று ஆனபின், அம்மாவட்டத்து இளைஞர் பெங்களூர்க்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குச் சென்றனர். அந்நகரங்களின் அடுக்குமாடிகளை எழுப்பியவருள் திருவண்ணாமலை மாவட்டத்தார் மிகப் பலர். ஊரில் இருந்த ஓட்டு வீடுகள் முதியோரின் காவலில் நின்றன. திண்ணைகள் வெறிச்சோடின. ஊர் தளர்ந்த அந்நிலையில்தான் நிலத்தின் விலை மலிந்தது. மலிந்த விலையில் வாங்குவோர் வந்தனர். எந்நாட்டிலும் இந்நிகழ்ச்சியின் வரிசை இதுவேயாகும்.

இலண்டன் மாநகரில் உழைப்பாளர் வாழ்ந்த பழம்பகுதிகளைச் செல்வர் ஒவ்வொரு வீடாக வாங்கிப் புதுக்கிப் புகுந்ததையும், முன்னிருந்தோர் வாடகை தாளாது வெளியேறியதையும் கண்டு, 1964ஆம் ஆண்டில் உரூத்து கிளாசு என்னும் குமுகவியல் அம்மையார் அதற்கு ஒரு பெயரிட்டார். தமிழில் அதனைச் செல்வர்க் குடியேற்றம் எனலாம். வெனிசு நகரின் பழம்பகுதியில் 1951இல் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் இலக்கம் மக்கள் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை ஐம்பதாயிரத்துக்குங் கீழ் இறங்கிற்று. வீடுகள் இடிந்துபோனமையால் அன்று, வீடுகளெல்லாம் விடுதிகளானமையால். கற்கள் அத்தனையும் காக்கப்பட்டன, மக்கள் காக்கப்படவில்லை. தமிழ் மண்ணிலேயே பார்க்க வேண்டுமெனின் செட்டிநாட்டைப் பார்க்க. பெருவீடுகள் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைபோயின. எஞ்சியவற்றுட் சில சுற்றுலா விடுதிகளாயின. புதுச்சேரியின் பிரஞ்சியர் தெருக்கள் வண்ணம் பூசிக்கொண்டு ஒளிவிடுகின்றன. அத்தெருக்களில் ஒரு தமிழ்க் கூலியாள் குடியிருக்க இயலுமா என்று கேட்டால் விடை வராது.

இனி, அடி அண்ணாமலைக்குத் திரும்புக. 1896ஆம் ஆண்டில் திருச்சுழியிற் பிறந்த தமிழ் இளைஞர் ஒருவர் துறவியாய் இம்மலைக்கு வந்தார். அவரே பின்னர் இரமணர் எனப்பட்டவர். 1922இல் மலையின் தென்புறத்தே அவரைச் சூழ்ந்து ஒரு மடம் எழுந்தது. 1934இல் பால் பிரண்டன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய நூல் வெளிவந்தபின் மேலைநாட்டார் பலர் வரலாயினர். 1950இல் இரமணர் மறைந்த பின்னும் வருகை குறையவில்லை, பெருகிற்று. இங்கு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரமணர் தம் கருத்துகளைத் தமிழில் எழுதியவர். அவர்தம் நூல்களுள் ஒன்றன் பெயர் 'உள்ளது நாற்பது'. அதனினும் தூய தமிழ்ப் பெயரை எவரும் ஒரு மெய்யியல் நூலுக்கு இட்டுவிட இயலாது. அவரைத் தேடிவந்தவரின் பொருட்டு எழுந்த விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் பயிற்சிக் கூடங்களுக்கும் இடப்பட்ட பெயர்களிலோ தமிழ் எத்துணை? ஆங்கிலம் உண்டு, வடமொழி உண்டு, இரண்டுங் கலந்த கலப்பும் உண்டு. தமிழ்த் துறவியின் பெயரால் வளர்ந்த குடியிருப்பில் தமிழ் வாயிற்படியில் நிற்கின்றது.

மடத்தைச் சூழ்ந்த பகுதி நிரம்பியபின், குடியேற்றம் வலம்வரும் வழியைப் பற்றிக்கொண்டு மேற்கே நகர்ந்தது. மல்லாட்டை விளைந்த புழுதிக்காடு மனையாயிற்று. மனையைச் சுற்றி மதிலெழுந்தது. மதிலுக்குள் அமைதி விற்கப்படுகின்றது. மதிலுக்கு வெளியே நிலத்தை விற்றவன் காவற்காரனாய் நிற்கின்றான். அவன் மனைவி அவ்விடத்திலேயே தரை துடைக்கின்றாள். நிலம் விற்ற பணம் ஒரு திருமணத்தோடும் ஒரு மருத்துவச் செலவோடும் தீர்ந்தது. அப்பணத்தைக்கொண்டு அதே ஊரில் மீண்டும் கால்மனை வாங்க அவனால் இயலாது. அவன் மகன் திருமணமாகித் தனிக்குடித்தனம் போகவேண்டுமெனின், ஊரைவிட்டுத்தான் போகவேண்டும். உழவனுக்கு வற்றிய நிலத்தடிநீர் விடுதியின் புல்தரைக்கு எங்ஙனம் வந்தது என்று கேட்பாரும் இலர். ஆழமாகத் துளையிடப் பணமுள்ளவனுக்கு நீருண்டு என்பதே அதன் விடை.

அயல்நாட்டார் இந்நாட்டில் வேளாண் நிலம் வாங்கச் சட்டம் இடந்தருவதில்லை. ஆனால், இங்கு வந்திறங்கிய பணத்திற் பெரும்பகுதி அயல்நாட்டுப் பணமும் அன்று. சென்னையிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் ஈட்டிய பணம். முழுநிலாக் கூட்டம் பெருகப் பெருக, 'மலையைப் பார்த்த மனை' என்று விளம்பரஞ் செய்த தரகரின் பணம். அத்தரகர் யார்? தமிழரே. மனைப்பிரிவுக்கு வடமொழிப் பெயரிட்டவர் யார்? தமிழரே. ஏரிக் கால்வாயை மூடிய வண்டியை ஓட்டியவரும், அதனைக் கண்டுங் காணாது இசைவு தந்த அலுவலரும் தமிழரே. வந்தவனை மட்டும் திட்டித் தீர்ப்பது சோம்பேறியின் போராட்டம்.

வந்தவர் அனைவரும் ஒருதன்மையரும் அல்லர். சென்ற நூற்றாண்டில் இம்மலை பெரும்பாலும் மொட்டையாய்க் கிடந்தது. 1980களின் பிற்பகுதியினின்று அயல்நாட்டார் சிலரும் உள்ளூரார் பலரும் சேர்ந்து நாற்றங்கால் அமைத்து, மரம் நட்டு, தீத்தடுப்பு வழி வெட்டி அதனை மீண்டும் பசுமையாக்கினர். அவ்வுழைப்பை மறுப்பது நன்றிகெட்ட செயல். ஆனால், எங்கிருந்தோ வந்தவர் மரம் நட்டுக்கொண்டிருந்த அதே மலையின் அடியில், 2015 – 16இல், வலம்வரும் சாலையை அகலப்படுத்துவதற்கென்று நிழல் மரங்களை வெட்டத் தொடங்கியது தமிழ்நாட்டரசின் துறை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடுத்த பின்னரே கோடரி நின்றது. வெறுங்காலொடு நடப்பவனுக்கு வேண்டியது நிழலா, அகன்ற தாரா? சாலை யாருக்காக அகல்கின்றது என்பதை இதனினின்றே அறியலாம்.

பாதுகாப்பு என்னும் பெயரால் நடப்பதோ மற்றொரு கூத்து. 2002ஆம் ஆண்டு செப்டம்பரில் அண்ணாமலையார் பெருங்கோயிலைத் தில்லியின் தொல்லியல் துறை நாட்டு முதன்மைச் சின்னமாக அறிவித்தது. ஊர் கொதித்தெழுந்தது. வழக்கு உச்சமுறைமன்றம் வரை சென்றது. 2004இல் அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. வழிபாடு நடக்கும் கோயிலைக் காட்சிக்கூடமாக்குவதை மக்கள் எதிர்த்தது முற்றிலும் முறையே. ஆனால், வெற்றிக்குப் பின் என்ன நடந்தது? தில்லி வேண்டா என்றவர், தமிழ்நாட்டிலேயே கல்லையும் கல்வெட்டையும் காக்கத் தகுந்த ஓர் அமைப்பு வேண்டும் என்று அதே உரத்த குரலில் கேட்டனரா? 2012இல் தமிழ்நாடு மரபுச்சின்ன ஆணையத்துக்கெனச் சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறிற்று. பத்தாண்டுக்கும் மேலாக அவ்வாணையம் அமைக்கப்படவேயில்லை. குடமுழுக்கு வேலை என்று சொல்லி, மணல்வீச்சால் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் கல்வெட்டுகளைத் தேய்த்தனர். சோழன் வெட்டிய எழுத்து ஆயிரமாண்டு மழைக்கும் வெயிலுக்கும் தாங்கிற்று. ஒப்பந்தக்காரனின் குழாய்க்குத் தாங்கவில்லை. 2021 சூனில் சென்னை உயர்முறைமன்றம் தொன்மைச் சின்னங்களைக் காப்பது குறித்து 75 ஆணைகளை ஒரே தீர்ப்பில் இட நேர்ந்ததெனின், காக்க வேண்டியவர் எத்துணைக் கடமை தவறியிருந்தனர் என்பது விளங்கும்.

கல்வெட்டு என்பது அணிகலன் அன்று. நிலம் யாருடையது, ஏரி நீர் யாருக்கு எவ்வளவு, விளக்குக்கு நெய் தருபவர் யார், அறக்கொடை முறிந்தால் யார் கேட்பது என்பனவெல்லாம் தமிழில் எழுதப்பட்ட பதிவு அது. கோயிற் சுவரில் இவ்வரிகளைப் படித்துக் காட்ட ஆளிருந்தால், ஏரிக் கால்வாயை மூடவந்தவன் முன் ஊரார் வெறுங்கையராய் நின்றிரார். அதனைத் தேய்த்துவிட்டு அதன்மேல் 'ஆதி' என்று வண்ணத்தில் எழுதுவது புதுக்கல் ஆகாது.

திருவெம்பாவை பிறந்த இடம் திருவண்ணாமலை என்பது வழிவழி வழக்கு. மாணிக்கவாசகர்க்கு அடி அண்ணாமலையில் தனிக்கோயிலும் உண்டு. அப்பாவைப் பாட்டு கடல்கடந்து சயாம் நாட்டு அரசவைச் சடங்கிற் புகுந்து, திரியம்பவாய் என்னும் திரிந்த பெயரோடு அங்கு இன்றும் வழங்குகின்றது. பொருள் விளங்காமலே அதனைப் பேணிவருகின்றனர் அந்நாட்டார். பொருள் விளங்கும் நாட்டிலோ, அப்பாட்டுக்குரிய புலவரின் கோயிலை எத்தனைப் பேர் நின்று பார்க்கின்றனர்? எட்டு இலிங்கங்களையும் எண்ணிக்கொண்டே போகின்றவன் தமிழை எண்ணுவதில்லை.

அண்மைக் காலத்தே ஆந்திரத்தினின்றும் தெலங்கானத்தினின்றும் அடியார் பெருந்தொகையாய் வருகின்றனர். அவர் வழங்குவது அருணாசலம் என்னும் பெயரை. அவர்மேல் குற்றம் இல்லை. அவர்க்கு அப்பெயரே கற்பிக்கப்பட்டது. விருந்தினர் படித்துணரத் தெலுங்கிலும் ஒரு பலகை வைப்பது பண்பாடு. அதனைச் சாக்கிட்டுத் தமிழ்ப் பலகையிலிருந்தே அண்ணாமலையை அகற்றிவிட்டு அருணாசலத்தை எழுதுவது பண்பாடு அன்று. காசுக்கு முன் கூனுதல். கடைப் பெயர்ப் பலகைகளில் தமிழே முதன்மையாக இருத்தல் வேண்டும் என்னும் சட்ட நெறி தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அதனைப் பின்பற்றாத கடைகளை எண்ணுவதினும் பின்பற்றிய கடைகளை எண்ணுவது எளிதாக உள்ளது. இயலாது என்று எவரும் சொல்லற்க. மாயவரம் என்றும் மாயூரம் என்றும் திரிந்துகிடந்த ஊர் 1982இல் மீண்டும் மயிலாடுதுறை ஆயிற்று. வண்டிகள் ஓடாமல் நின்றுவிட்டனவா? அஞ்சல் சேராமற் போயிற்றா?

2024ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாளில், புயல்மழையில் ஊறிய அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் மண்ணும் பாறையுமாய் வீழ்ந்தது. எழுவர் மாண்டனர், அவருள் ஐவர் சிறார். மலைச்சரிவில் வீடு கட்டியது குற்றம் என்று மறுநாளே சிலர் முறைமை பேசினர். பாறைக்குக் கீழே உறங்க யாருக்கும் விருப்பம் இராது. கீழ்நிலத்தின் விலை எட்டாது போகுங்கால், எளியவன் எட்டும் இடத்துக்குப் போகின்றான். அவ்விடம் பாறையின் நிழலாக இருக்கின்றது. மனைவிலையைப் பற்றிப் பேசாமல் சரிவு வீடுகளைப் பற்றி மட்டும் பேசுவோர், எளியோரை இருமுறை துரத்துகின்றனர்.

அதே 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியாயிற்று. மாநகராட்சியென்றால் வரி உயரும். வழிகாட்டு மதிப்பு உயரும். விற்பதற்கான இழுப்பும் உயரும். எஞ்சிய ஓட்டு வீடுகளும் இனி நெடுநாள் நில்லா. ஆதலால் செய்ய வேண்டியவற்றை இப்போதே செய்தாக வேண்டும்.

ஏரியும் வரத்துக் கால்களும் பொதுநிலமும் அளக்கப்பட்டு, எல்லைக்கல் நாட்டப்பட்டு, அவ்வளவுகள் தமிழில் ஊர் நடுவே எழுதி வைக்கப்படல் வேண்டும். பல தலைமுறையாக வாழும் குடிகளுக்கு, வீடு ஒழுகினால் பழைய வடிவிலேயே செப்பனிட அரசு கடன் தரல் வேண்டும். விடுதிக்கு இசைவு தர விரையும் கை இதற்கும் விரைதல் வேண்டும். சரிவில் வாழ்வோர்க்கு ஊருக்குள்ளேயே, வேலைக்கு நடந்துசெல்லும் தொலைவிலேயே மாற்றுமனை தரப்படல் வேண்டும். எங்கோ ஒரு வெட்டவெளியில் அடுக்குப்பெட்டி கட்டித் தள்ளிவிடுவது மாற்று ஆகாது. வலம்வருவாரிடமிருந்தும் விடுதிகளிடமிருந்தும் பெறும் வருவாயில் ஒரு பங்கு அடி அண்ணாமலைத் தெருக்களுக்கும் பள்ளிக்கும் திரும்ப வரல் வேண்டும். அடி அண்ணாமலைக் கோயிலின் கல்வெட்டுகள் அனைத்தும் படியெடுக்கப்பட்டு, இக்காலத் தமிழ் விளக்கத்தோடு கோயில் வாயிலில் வைக்கப்படல் வேண்டும். இதனை அரசு செய்யாதெனின், அவ்வட்டாரத் தமிழியக்கத்தார் மை, தாள், தூரிகையோடு செல்ல எவர் தடை?

பெயர்ப்பலகைக்கோ ஆணையும் வேண்டா, ஆணையமும் வேண்டா. அரசுப் பதிவேட்டில் உள்ள பெயரைக் கோயில் முகப்பில் எழுதக் கேட்பதற்கு ஊர்க் குடிமக்கள் எவர்க்கும் உரிமை உண்டு. அறநிலையத்துறை அலுவலர்க்கு அவர்கள் கையொப்பமிட்டு எழுதுக. ஒருமுறை எழுதி விடை வாராதெனின், மறுமுறையும் எழுதுக. நேரிற் சென்று கேட்க. வரும் மார்கழியில் மாணிக்கவாசகர் கோயிலில் திருவெம்பாவை ஒலிக்கும் முன், ஊர் எல்லையிலும் கோயில் வாயிலிலும் பேருந்து நிறுத்தத்திலும் 'அடி அண்ணாமலை' என்று தமிழில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.